ஓட்டிசம் உள்ளவர்களும் பாவிக்கக்கூடிய வேலைதேடும் இணையத்தளம்: மட்டக்களப்பு, அம்பாறையில் கட்டப்போகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் வேலை விளம்பரம் என்றால் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படம்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் கலந்திருக்கும், நடுவில் "உடனடி வேலைவாய்ப்பு" என்று பெரிய எழுத்து, மூலையில் ஒரு போன் நம்பர். என்ன வேலை, எத்தனை மணிக்கு, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் கோல் எடுத்துத்தான் கேட்க வேண்டும். ஓட்டிசம் உள்ள பலருக்கு அந்தக் கோலோடு வேலை தேடுவது நின்றுபோகிறது. கணக்கு எழுதுவார்கள், கணினியில் தரவு பதிவார்கள், களஞ்சியத்தில் சாமானை ஒரு பிசகில்லாமல் அடுக்குவார்கள். ஆனால் தெரியாத ஒருவர் அரைகுறையாகக் கேட்டுவிட்டு "நேரில வாங்க பாப்பம்" என்று போனை வைத்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரிடம், எதைக் கொண்டுபோவது என்று ஒன்றும் தெரியாமல் அப்படியே நிற்பார்கள்.

இவர்களை மனதில் வைத்து மட்டக்களப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய தளம் கட்டினோம். வழிகாட்ட ஆளில்லாமல் படாத பாடு பட்டோம். உங்கள் சங்கமோ, பயிற்சி நிலையமோ, ஊர் இளைஞர்களோ இதே வேலையை எடுத்தால் அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சை எடுத்ததும் எல்லாரும் நிறத்தையும் எழுத்தின் அளவையும் பற்றித்தான் கேட்பார்கள். அவை தேவைதான், ஆனால் வேலையில் பெரும்பங்கு வாசகத்தில் இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தளம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கீழே உள்ள எல்லாப் படிகளிலும் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

1. முதலில் ஆட்களோடு உட்காருங்கள்

ஓட்டிசம் உள்ளவர்களில் ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை. ஒருவருக்குச் சத்தம் ஆகாது, இன்னொருவருக்கு வெளிச்சம், வேறொருவர் நன்றாகவே பேசுவார் ஆனால் படிவம் நீண்டால் களைத்துவிடுவார். அதனால் மூன்று நான்கு பேரோடாவது பேசாமல் ஒன்றையும் வரையத் தொடங்காதீர்கள். ஆட்களைத் தேட நல்ல வழி உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர், பிறகு பாடசாலைகளின் விசேட கல்விப் பிரிவு ஆசிரியர்கள்.

சந்திப்பதற்கு முதல்நாளே கேள்விகளை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். இடம், நேரம், எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேச விரும்பாதவர் எழுதித் தரட்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது: கூட வரும் அம்மாவோ அண்ணனோ எல்லாக் கேள்விக்கும் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் உங்களுக்குத் தேவை தளத்தைப் பாவிக்கப்போகிறவரின் பதில். "அம்மா, தம்பி சொல்லி முடிச்சதும் உங்களிட்டயும் கேக்கிறன்" என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பஸ் காசும் அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஒரு தொகையும் கட்டாயம் கொடுங்கள். அதை முதல் வரவுசெலவிலேயே போட்டுவிடுங்கள், கடைசியில் பார்க்கலாம் என்று விட்டால் காசு மிஞ்சாது. இந்தப் படிக்கு இரண்டு மூன்று கிழமை ஒதுக்குங்கள். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வெள்ளி மதியம் ஜும்ஆத் தொழுகை நேரம், அப்போது வைக்க வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, வெள்ளம், கரண்ட் நிற்பது எல்லாம் சேர்ந்து வரும், அந்த மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். சொன்ன நாளைக் கடைசி நேரத்தில் மாற்றுவது இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான சிரமம்.

2. விளம்பரம் எழுதும் படிவத்தைச் செய்யுங்கள்

தளத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. வேலை கொடுப்பவர் தன் விருப்பத்துக்கு எழுத ஒரு பெரிய வெற்றுப் பெட்டியைக் கொடுத்தால் இப்படித்தான் வரும்:

"பிரபல நிறுவனத்துக்கு சுறுசுறுப்பான, கலகலப்பான இளைஞர்கள் தேவை. கை நிறையச் சம்பளம். அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. உடனே தொடர்புகொள்ளவும்."

இதில் உபயோகமான தகவல் ஒன்றுகூட இல்லை. வார்த்தையை அதன் நேர்ப்பொருளில் எடுக்கிற ஒருவர் "கலகலப்பான" என்ற சொல்லைக் கண்டதும் தனக்கு இந்த வேலை இல்லை என்று ஒதுங்கிவிடுவார், அந்த வேலை பெட்டி எண்ணுகிற வேலையாகவே இருந்தாலும். அதனால் வெற்றுப் பெட்டியை எடுத்துவிட்டுக் கேள்விகளாகக் கேளுங்கள். அதே வேலை கேள்விகளின் வழியாக வந்தால் இப்படி இருக்கும்:

"வேலை: களஞ்சியத்தில் வரும் பெட்டிகளை எண்ணிக் கணினியில் பதிதல். இடம்: ஆரையம்பதி, பிரதான வீதி, பஸ் நிறுத்தத்திலிருந்து 5 நிமிட நடை. நேரம்: திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.30 – மாலை 5.00, சனி காலை 8.30 – மதியம் 1.00. சாப்பாட்டு நேரம் 45 நிமிடம். சம்பளம்: மாதம் 40,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் (3,200 ரூபா) கழிந்து கைக்கு வருவது 36,800 ரூபா. யாரோடு பேச வேண்டும்: ஒரு மேற்பார்வையாளரோடு. வாடிக்கையாளர்களோடு பேச வேண்டியதில்லை. சத்தம்: காலையில் லொறி வந்து சாமான் இறக்கும், மதியத்துக்குப் பிறகு அமைதி. விண்ணப்பிக்கக் கடைசி நாள்: மாதம் 15ஆம் திகதி. நேர்முகத் தேர்வு: இரண்டு பேர் கேட்பார்கள், சுமார் 20 நிமிடம், கேள்விகள் முதல்நாள் அனுப்பப்படும், கூட ஒருவரை அழைத்து வரலாம்."

கைக்கு வரும் தொகையைத் தனியாகக் காட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 40,000 என்று வாசித்துவிட்டுச் சேர்ந்தவருக்கு முதல் மாதம் 36,800 வந்தால் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றே தோன்றும். கழிவது அவருடைய சேமிப்பு, அதற்குமேல் முதலாளி தன் பக்கத்திலிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போட வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

தகைமைகளை "கட்டாயம் வேண்டும்", "இருந்தால் நல்லது" என்று இரண்டாகப் பிரிக்கச் செய்யுங்கள். "1 வருட அனுபவம்" என்று போட்டிருந்தால் நம்மில் பலர் 8 மாத அனுபவத்தோடும் கேட்டுப் பார்ப்போம். ஓட்டிசம் உள்ள பலர் 11 மாதம் இருந்தாலும் விண்ணப்பிக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே 1 வருடம் என்று எழுதியிருக்கிறது. தகுதியான ஆளை வேலை கொடுப்பவர் இப்படித்தான் இழக்கிறார், இழந்தது அவருக்குத் தெரிவதும் இல்லை.

"இவ்வளவும் எழுத எங்கட்ட ஏது தம்பி நேரம்" என்று கடை முதலாளிமார் சொல்வார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். நீங்களே கோல் எடுத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு நிரப்பி, வட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு விளம்பரத்துக்குக் கால் மணித்தியாலம் போதும். சம்பளம் சொல்ல மறுத்தால் "இத்தனை முதல் இத்தனை வரை" என்றாவது வாங்குங்கள். அதுவும் இல்லை என்றால் அந்த விளம்பரத்தைப் போடாமல் விடுவதே நல்லது என்பது என் எண்ணம், எங்கள் குழுவிலேயே இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

விளம்பரத்தைப் படமாக ஏற்றாதீர்கள். படத்தில் உள்ள எழுத்தைத் தேட முடியாது, வாசித்துக்காட்டும் செயலிக்கும் பிடிபடாது, பெரிதாக்கினால் கலங்கும். இன்னொன்று, பல அலுவலகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அந்தக் கோப்பை அப்படியே ஒட்டினால் தளத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். எல்லாப் போனிலும் கணினியிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றியபின் ஒருதரம் கண்ணால் வாசித்துப் பாருங்கள், மாற்றும்போது சில எழுத்துகள் பிழையாகிவிடும்.

3. இடத்தை ஊர்ப் பெயரில் தேட விடுங்கள்

"இடம்: மட்டக்களப்பு" என்று போட்டால் போதாது. வாழைச்சேனையும் மட்டக்களப்பு மாவட்டம்தான், களுவாஞ்சிக்குடியும் மட்டக்களப்பு மாவட்டம்தான், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வருகிறவருக்கு இரண்டும் வேறு வேறு பயணம். மட்டக்களப்பில் 14, அம்பாறையில் 20 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன, அந்தப் பட்டியலை எடுத்து வடிகட்டியாகப் போடலாம். ஆனால் அலுவலகப் பெயரை மட்டும் போடாதீர்கள். "கோறளைப்பற்று" என்று கண்டவர் அதை வாழைச்சேனை என்று உடனே பிடிக்க மாட்டார், "மண்முனை வடக்கு" என்றால் மட்டக்களப்பு நகரம் என்பதும் அப்படித்தான். "வாழைச்சேனை (கோறளைப்பற்று)" என்று ஊர்ப் பெயரை முதலில் வையுங்கள். அம்பாறை நகர்ப் பக்க வேலை என்றால் சிங்களம் பேச வேண்டுமா, எழுதவும் வேண்டுமா என்று கேட்டுப் போடுங்கள்.

ஒரு பக்கத்தில் பத்து வேலைக்கு மேல் காட்ட வேண்டாம். கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் முடிவில்லாப் பட்டியல் வேண்டவே வேண்டாம், எங்கே முடியும் என்று தெரிய வேண்டும்.

4. விண்ணப்பப் படிவமும் ஆவணங்களும்

முதல் விண்ணப்பத்துக்கு நான்கு விடயங்கள் போதும்: பெயர், தொடர்புகொள்ளும் வழி, எந்த வேலை, தன்னைப் பற்றி இரண்டு மூன்று வரி. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் எல்லாம் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட பிறகு கேட்டால் போதும். எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே கேட்டால் பாதியில் விட்டுப்போவார்கள். ஆனால் எந்த எந்த ஆவணம் எப்போது தேவைப்படும் என்ற பட்டியலைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுங்கள், வீட்டில் தேடி எடுத்து வைக்க அவகாசம் இருக்கும்.

"முதற் பெயர்", "குடும்பப் பெயர்" என்று இரண்டு பெட்டி வைக்காதீர்கள். எங்கள் பெயர்கள் அப்படிப் பிரிவதில்லை, தகப்பன் பெயரை எதில் போடுவது என்று யோசித்து அங்கேயே நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே பெட்டி, மேலே "அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்" என்று ஒரு வரி. திகதிக்கு எந்த ஒழுங்கு, போன் நம்பருக்கு இடைவெளி விடலாமா, கோப்பு எத்தனை எம்பி வரை என்பதையெல்லாம் பெட்டிக்கு மேலேயே எழுதுங்கள். நிரப்பி முடிந்த பிறகு சிவப்பில் "தவறான உள்ளீடு" என்று மட்டும் காட்டுவது கொடுமை. என்ன பிழை, எப்படித் திருத்துவது என்று சொல்லுங்கள்.

சாதாரண தரம் எழுதாதவர்களும் இருப்பார்கள், அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்க வேண்டாம். தொழிற்தகைமைச் சான்றிதழ், தான் செய்த வேலையின் படம், எதுவும் ஏற்றலாம் என்று வையுங்கள்.

தொடர்புகொள்ளும் வழியில் "வட்ஸ்அப் எழுத்து மட்டும்", "மின்னஞ்சல்", "கோல் எடுக்கலாம்", "எனக்குப் பதிலாக இவரோடு பேசுங்கள்" என நான்கையும் கொடுத்து, வேலை கொடுப்பவர் அதை மதிக்க வேண்டும் என்று அவரோடு செய்யும் உடன்பாட்டிலேயே எழுதுங்கள்.

"உங்களுக்கு ஓட்டிசம் உண்டா?" என்று கேட்காதீர்கள். அதைச் சொல்வதும் விடுவதும் அவர் விருப்பம். "நேர்முகத் தேர்வில் என்ன வசதி தேவை?" என்று எல்லாரிடமும் கேட்டு, அமைதியான அறை, எழுத்தில் கேள்விகள், கூட ஒருவர், கூடுதல் நேரம் என்று தெரிவுகளைக் கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவை விசேட வகையாக வைத்திருக்கிறது, தேவையில்லாமல் அதைச் சேர்த்துவைப்பது உங்களுக்கும் பாரம்.

எழுதியது தானாகச் சேமிக்கப்பட வேண்டும், நாளைக்கு வந்து தொடரலாம் என்று எழுதியும் இருக்க வேண்டும். நேரம் முடிந்து தானாக வெளியேற்றும் வசதி இருந்தால் முன்கூட்டியே எச்சரித்து நீடிக்க இடம் கொடுங்கள். பல வீடுகளில் ஒரே போனை நாலு பேர் பாவிக்கிறார்கள், அதனால் சேமித்த வரைவை அழிக்கும் பட்டனும் கண்ணில் படும்படி வேண்டும். கோணல்மாணல் எழுத்தை வாசிக்கச் சொல்லும் புதிரும், கடவுச்சொல்லை மனப்பாடம் செய்ய வைப்பதும் வேண்டாம். போனுக்கு வரும் குறியீட்டைப் பிரதிசெய்து ஒட்ட விடுங்கள்.

5. விண்ணப்பித்த பிறகு

"விரைவில் தொடர்புகொள்வோம்" என்ற வரியை எங்கள் தளத்தில் இருந்து முழுதாக எடுத்துவிட்டோம். அதை வாசித்துவிட்டு ஒரு பிள்ளை போனைக் கையில் வைத்தபடி பின்னேரம்வரை சாப்பிடாமல் இருந்ததாக ஒரு தாய் சொன்னார். விரைவில் என்று எழுதியிருக்கிறதே, எழும்பிப் போன நேரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளை கேட்டதாம்.

அதற்குப் பதிலாகத் திகதி போடுங்கள்: "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. 22ஆம் திகதி மாலை 5 மணிக்குள் வட்ஸ்அப்பில் பதில் வரும். தெரிவாகாவிட்டாலும் பதில் வரும்." பிறகு அந்தத் திகதியைக் காப்பாற்றுங்கள். வேலை கொடுப்பவர் பிந்தினால் "முடிவு இன்னும் வரவில்லை, புதிய திகதி 25" என்று நீங்களே அனுப்ப வேண்டும்.

எஸ்.எம்.எஸ். அனுப்பப்போகிறீர்கள் என்றால் செலவைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான், நீண்டால் இரண்டு மூன்று மெசேஜாகக் காசு போகும். அந்த 70கூட நாம் நினைக்கிற எழுத்துக் கணக்கு இல்லை, "நீங்கள்" கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு, ஏனென்றால் புள்ளியும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படும். சிறிய வாசகமாக முதலே எழுதி எண்ணிப் பார்த்துவிட்டு வரவுசெலவு போடுங்கள்.

6. தோற்றம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு எழுதிவைத்த நியமங்கள் இருக்கின்றன. இணைய நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, எல்லாரும் பாவிக்கக்கூடியதாகத் தளம் கட்டுவதற்கு எழுதிய டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற நியமம் 2023 ஒக்டோபரில் வந்தது. ஒரே தகவலை ஒருவரிடம் இரண்டுதரம் கேட்காதே, உதவி பெறும் வழியை எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் வை என்பவை அதில் புதிதாகச் சேர்ந்தவை. ஓட்டிசம் உள்ளவர்களுக்கு இரண்டுமே பெரிய உதவி. பிரித்தானிய உள்துறை அமைச்சு இதற்கென்றே ஒரு சுவரொட்டி வெளியிட்டிருக்கிறது: அடங்கிய நிறங்கள், எளிய மொழி, ஒரே மாதிரி அமைப்பு, என்ன செய்யும் என்று சொல்லும் பட்டன். "தொடர்க" என்று மட்டும் போடுவதைவிட "இந்த வேலைக்கு விண்ணப்பிக்கவும்" என்று போடுங்கள்.

தானாக நகரும் பதாகை, தானாக ஓடும் காணொளி, திடீரென்று மேலே விழும் பெட்டி எதுவும் வேண்டாம். போனில் "அசைவைக் குறை" என்று ஒருவர் போட்டிருந்தால் உலாவி அதைத் தளத்துக்குச் சொல்லும், அதைக் கேட்டு நடக்கும்படி எழுதச் சொல்லுங்கள். பளீர் வெள்ளைக்குப் பதில் மங்கலான வெண்மை, எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் குறைந்தது 4.5க்கு 1 வேறுபாடு.

தமிழுக்கு என்று சில. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், இலவசம். வரி இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறைய வேண்டாம், கொம்பும் சுழியும் முட்டிக்கொள்ளும். வரிகளை இரு ஓரமும் ஒட்டும்படி இழுக்காதீர்கள், எங்கள் சொற்கள் நீளம் என்பதால் போனில் இடையிடையே பெரிய ஓட்டை விழும். பட்டன்களைத் தமிழ் வாசகத்தை வைத்தே வரையச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுத் தமிழைத் திணித்தால் பாதிச் சொல் வெட்டுப்படும்.

7. வேலை கொடுப்பவரைச் சரிபாருங்கள்

எழுதியதை அப்படியே நம்புகிறவர்களுக்காகத் தளம் நடத்துகிறீர்கள், அதனால் இதில் கண்டிப்பாக இருங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழின் பிரதி, பொறுப்பானவரின் பெயர், நிரந்தர முகவரி மூன்றும் இல்லாமல் விளம்பரம் போடாதீர்கள். முடிந்தால் ஒருதரம் நேரில் போய்ப் பாருங்கள். விண்ணப்பதாரரிடம் முற்பணம் கேட்கும் எந்த வேலையும் வேண்டாம். வெளிநாட்டு வேலை என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கம் இருக்க வேண்டும், அதையும் பணியகத்தில் சரிபார்த்த பிறகே போடுங்கள். "இந்தத் தளத்தில் யாரும் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. கேட்டால் எங்களுக்கு எழுதுங்கள்" என்று ஒவ்வொரு விளம்பரத்தின் கீழும் வையுங்கள்.

8. காசும் ஒப்பந்தமும்

தளம் கட்டும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளும் எழுத்துருவும் இலவசம். செலவு வருவது தளப் பெயர் (இணைய முகவரி), இடவாடகை (தளத்தை இணையத்தில் வைத்திருக்கக் கொடுக்கும் வாடகை), கட்டுபவரின் கூலி, எஸ்.எம்.எஸ்., சோதிப்பவர்களுக்கான தொகை என்பவற்றில். இடவாடகை பெரும்பாலும் டொலரில், முதல் வருடம் மலிவாகக் காட்டி இரண்டாம் வருடம் கூட்டுவார்கள், அதனால் புதுப்பிக்கும் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். தளப் பெயரை உங்கள் சங்கத்தின் பெயரிலேயே பதியுங்கள். கட்டித்தருபவர் தன் பெயரில் பதிந்துவிட்டுப் பிறகு போனுக்கும் அகப்படாமல் போனதால் முழுத் தளத்தையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்களுக்கு முதலில் கட்டித்தந்தவர் கண்ணைப் பறிக்கும் ஆயத்த வடிவம் ஒன்றைக் கொண்டுவந்து, நகரும் பதாகையை எடுப்பதற்குத் தனிக் காசு கேட்டார். ஒப்பந்தத்தில் எழுதாததால் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. மேலே ஆறாவது படியில் நான் சொன்னதை எல்லாம் நீங்கள் ஒப்பந்தத்தில் வரிவரியாக எழுதுங்கள். கடைசிக் கொடுப்பனவை, கட்டி முடித்த நாளில் கொடுக்காமல், சோதனை முடிந்து திருத்தங்கள் செய்த பிறகு என்று வையுங்கள். மூன்று மாதம் மொத்தமாக ஒதுக்கினால் அவசரப்படாமல் செய்யலாம்.

9. திறப்பதற்கு முன் சோதனை

லைட்ஹவுஸ், வேவ் இரண்டும் இலவசக் கருவிகள், நிற வேறுபாடு, பெயரிடாத பெட்டி போன்றவற்றை நிமிடத்தில் காட்டும். ஆனால் "உடனே தொடர்புகொள்ளவும்" என்பதில் என்ன பிழை என்று எந்தக் கருவியும் சொல்லாது. முதல் படியில் பேசியவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். "களுவாஞ்சிக்குடியில் காலை வேலை ஒன்றைத் தேடி விண்ணப்பியுங்கள்" என்று ஒரு காரியத்தை எழுத்தில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருங்கள். அவர்களுடைய சொந்தப் போனில், அவர்களுடைய டேட்டாவில் செய்யட்டும். எங்கே விரல் நிற்கிறது, எதை இரண்டாம் தரம் வாசிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். "எப்படி இருந்தது?" என்ற பொதுக் கேள்விக்குப் பெரும்பாலும் "நல்லம்" என்றுதான் பதில் வரும், அதனால் "இந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்று நினைத்தீர்கள்?" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

திறந்த பிறகு கிழமைக்கு ஒருதரம் முடிந்துபோன விளம்பரங்களை எடுக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ஆள் எடுத்து முடிந்த வேலைக்கு ஒருவர் இரண்டு நாள் செலவழித்து விண்ணப்பம் எழுதக் கூடாது.